புரோதெர்ம்: தூர் வாராமல் கிடந்த ஒரு தரவுத்தளத்தின் கதை



பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கிற நமக்கெல்லாம் இது பழகிப்போன விஷயம்தான். பிராஜெக்டுக்காக ஒரு பழைய ஆய்வுக்கட்டுரையைப் படிப்போம். அதில் ஒரு மென்பொருளைப் பற்றி ஆஹா ஓஹோ என்று எழுதியிருக்கும். கொடுத்திருக்கும் முகவரியைச் சொடுக்கினால் பக்கம் திறக்காது. கட்டுரை பத்திரமாக இருக்கிறது, மென்பொருள்தான் போய்ச் சேர்ந்துவிட்டது! ஏன் இப்படி ஆகிறது? தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு தரவுத்தளத்தின் வரலாற்றைப் பார்த்தால் ஓரளவு புரியும்.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மைக்கேல் குரோமிஹா, அங்கே அகினோரி சராய் முதலானோருடன் சேர்ந்து 1999ல் புரோதெர்ம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் அந்தப் புரதத்தின் உறுதி கூடுமா, குறையுமா? எத்தனை டிகிரி வெப்பத்தில் அது குலையும்? இதையெல்லாம் ஆய்வகங்களில் அளந்து ஆளுக்கொரு இதழில் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, வெப்பநிலை, அமில அளவு, அளந்த முறை எல்லாவற்றையும் பொறுக்கி ஒரே இடத்தில் சேர்த்ததுதான் புரோதெர்ம். கம்ப்யூட்டர் வேலை என்று பெயர், உண்மையில் பாதிக்கு மேல் கண் நோகப் படிக்கிற வேலை.

பலன் பெரிது. 2005ல் இத்தாலியின் பொலோனாவில் வந்த ஐ-மியூட்டன்ட் 2.0, 2006ல் ஜெர்மனியின் கொலோனில் வந்த கப்சாட் போன்ற மென்பொருள்கள் எல்லாம் இந்த எண்களை நம்பி உருவானவை.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? முதலில் ரிக்கன் நிறுவனத்தின் சர்வரில் இருந்த தளம் பிறகு கியூஷு தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனது. குரோமிஹா டோக்கியோவுக்குப் போனார், 2010ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தார். ஆள் சென்னையில், சர்வர் கியூஷுவில்! 2013க்குப் பிறகு புதிய தரவு சேரவில்லை. ஒரு கட்டத்தில் தளமே திறக்கவில்லை. எப்போதோ இறக்கி வைத்த பழைய பிரதிகளை வைத்துத்தான் பலரும் காலம் தள்ளினார்கள்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கல்வி உலகின் கணக்கே அப்படி. புதிதாக ஒன்று செய்தால் கட்டுரை கிடைக்கும், பட்டம் கிடைக்கும். இருப்பதைப் பழுது பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. நிதி சில ஆண்டுகளுக்குத்தான் வரும். நிரல் எழுதிய மாணவர் படிப்பு முடிந்து போய்விடுவார், அதில் எந்த வரி எதற்கு என்பது அவர் தலையோடு போய்விடும்.

நம்ம தாமிரபரணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டத்தை 19ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். அதில் மண் மேடிட்டுக் கிடந்ததைத் தூர் வார, 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. முன்பெல்லாம் குடிமராமத்து என்று பாசனக்காரர்களே கால்வாயைச் சுத்தம் செய்வார்கள்.

புரோதெர்மிலும் மண் சேர்ந்திருந்தது. முக்கியமாக கூட்டல் கழித்தல் குறி. சிலர் புரதம் மடிவதற்கான ஆற்றலை எழுதுவார்கள், சிலர் குலைவதற்கான ஆற்றலை எழுதுவார்கள். இரண்டுக்கும் குறி நேர் எதிர். அப்படியே ஏற்றிவிட்டால் உறுதியாக்கும் மாற்றம் கெடுக்கும் மாற்றமாகத் தெரியும். மேல்மடையில் ஒரு தப்பு நடந்தால் கடைமடை வரை, அதாவது அந்த எண்களிலிருந்து கற்றுக்கொண்ட அத்தனை மென்பொருளுக்கும் அது போகும்.

கடைசியில் தூர் வாரியது யார் தெரியுமா? ஒருவர் அல்ல, மூன்று குழுக்கள்! நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச் இதழின் 2021 தரவுத்தளச் சிறப்பிதழில் மூன்று கட்டுரைகள் வந்தன. செக் நாட்டு பிர்னோவிலிருந்து ஃபயர்புராட்-டிபி, மெல்போர்ன் குழுவின் தெர்மோமியூட்-டிபி, சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து புரோதெர்ம்-டிபி. முதல் இரண்டையும் இந்தக் காலத்துக் குடிமராமத்து என்றே சொல்லலாம். ஒரே பழைய எண்களை மூன்று இடத்தில் சரிபார்த்தது வீண் உழைப்பில்லையா என்று கேட்கலாம். ஓரளவு வீண்தான். ஆனால் "சரிசெய்தேன்" என்று மட்டும் எழுதினால் யார் வெளியிடுவார்கள்? புதுப் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

சென்னைக் குழுவின் கட்டுரைத் தலைப்பிலேயே 15 ஆண்டுகளுக்குப் பிறகு என்று வருகிறது. 2006ல் வந்த கட்டுரைக்குப் பிறகு அத்தனை இடைவெளி. 2021 கட்டுரையின்படி சுமார் 31,500 பதிவுகள், முந்தையதைவிட 84% அதிகம். இதுபோக முழு செல்களில் மொத்தமாக அளந்த சுமார் 1,20,000 தரவுகள் தனி. 1999 கட்டுரையிலும் 2021 கட்டுரையிலும் இருக்கும் ஒரே பெயர் குரோமிஹா. மற்ற நால்வரும் புதியவர்கள்.

பிராஜெக்டில் பழைய புரோதெர்ம் கோப்பை வைத்திருக்கும் நண்பர்கள், சமர்ப்பிக்கும் முன் ஒரு பத்துப் பதிவையாவது புதிய தளத்தோடு ஒப்பிட்டு, குறி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.