துணைபோகும் உரிமை: தெற்குச் சினாய் மலைநடையின் வரலாறு

தெற்குச் சினாயின் வறண்ட மலைகளில் பெதூயின் வழிகாட்டியோடும் சுமை ஒட்டகங்களோடும் பல நாள் நடக்கும் பயணத்தைச் சுற்றுலாத் தொழில் அண்மையில் உண்டாக்கிய ஒன்றாகவே பலரும் எழுதுகிறார்கள். 2015இல் தொடங்கப்பட்ட சினாய் நடைவழி இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது. அகபா வளைகுடாக் கரையிலிருந்து, எகிப்திலேயே உயரமான கத்தரீன் மலையின் உச்சி வரை சுமார் 220 கிலோமீட்டர், 12 நாள் நடை. தராபீன், முஸெய்னா, ஜபலிய்யா ஆகிய மூன்று குலங்களின் நிலம். 2018இல் அது எட்டுக் குலங்கள் பங்கேற்கும் 550 கிலோமீட்டர் வழியாக விரிந்தது. வழிக்குப் பெயர் வைத்ததும் வரைபடம் போட்டதும் புதியவைதான். ஆனால் பயணியை யார் அழைத்துப் போகலாம், எந்த எல்லை வரை போகலாம், கூலியில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்ற கேள்விகளுக்கு அங்கே பல நூற்றாண்டுகளாக விடை இருந்து வந்திருக்கிறது. துணைபோகும் அந்த உரிமை அழிந்துபோய் அதன் இடத்தில் சுற்றுலா வரவில்லை. உரிமை சிலர் கையிலிருந்து பலர் கைக்கு மாறியதே இன்றைய மலைநடையின் வரலாறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

சினாய் மலைக்கு வெளியூர்ப் பயணிகள் வந்தது நான்காம் நூற்றாண்டிலேயே. எகேரியா என்ற பெண் யாத்திரிகர் 380களில் அந்த மலை ஏறியதை எழுதிவைத்திருக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கோட்டை மதிலோடு கட்டிய மடாலயமே இன்று புனித கத்தரீன் மடாலயம் எனப்படுகிறது. அதற்குப் பணிசெய்ய அவர் அனுப்பிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது ஜபலிய்யா மக்களின் மரபு. மதில் உள்ளே இருப்பவர்களைக் காக்கலாம். சூயஸிலிருந்தும் தூர் துறைமுகத்திலிருந்தும் வருகிற யாத்திரிகரையும் தானிய மூட்டையையும் அது காக்காது. அதற்குத்தான் கஃபீர்கள் தேவைப்பட்டார்கள். மடாலயத்திடம் ஆண்டுதோறும் பணமும் பொருளும் பெற்றுக்கொண்டு, அதன் ஆட்களுக்கும் விருந்தினருக்கும் பொறுப்பேற்ற குலக் காவலர்கள் இவர்கள். 1816இல் அங்கே சென்ற பயணி பர்க்ஹார்ட்டும் 1838இல் சென்ற பயணி எட்வர்ட் ராபின்சனும் இந்த ஏற்பாட்டை விரிவாகப் பதிந்திருக்கிறார்கள்.

அவர்கள் பதிவில் நமக்கு முக்கியமானது யாருக்கு இந்த உரிமை இல்லை என்பது. சவால்ஹா குலத்தின் கிளைகள் சிலவும் அலேகாத் குலமும் கஃபீர்கள். ஹிஜாஸிலிருந்து பிந்தி வந்து கிழக்குப் பகுதியில் நிலைகொண்ட முஸெய்னா எண்ணிக்கையில் பெரிய குலமாக இருந்தும் கஃபீர் ஆகவில்லை. ஜபலிய்யாவோ மடாலயத்தின் பணியாட்கள் என்றே மதிக்கப்பட்டார்கள். மற்றக் குலங்கள் அவர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவில்லை. இன்று சினாய் மலைநடையில் முன்னிற்கும் குலங்கள் இவ்விரண்டும்தான். பழைய உரிமை அப்படியே தொடர்கிறது என்று சொல்பவர்கள் இந்த மாற்றத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும். எல்லாமே புதிது என்பவர்களோ எல்லையில் நடக்கும் கைமாற்றத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும். 1839இல் ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் கெய்ரோவிலிருந்து சினாய் வழியாகப் பெத்ரா சென்றபோது, அகபாவில் துணையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது; அதற்கப்பால் அலாவீன் குலத்தாரின் நிலம். இன்றைய நடைவழியிலும் குல எல்லை வந்ததும் மாவு மூட்டை, தண்ணீர்க் கேன், கம்பளம் எல்லாம் ஓர் ஒட்டகத்திலிருந்து இறங்கி அடுத்த குலத்தாரின் ஒட்டகத்தில் ஏறுகின்றன. அன்றிரவு தணலுக்கடியில் மாவுருண்டையைத் தட்டிப் புதைத்து, வெந்தபின் சாம்பலை அடித்து உதறி ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பவர் வேறொருவர். பயணிக்கு இது இடைஞ்சலாகத் தோன்றலாம். முதலாமவருக்கே முழு வழியும் தெரிந்திருக்கவும் கூடும். வழி தெரிவது வேறு, வழிநடத்தும் உரிமை வேறு என்பதால்தான் இந்த மாற்றம்.

கஃபீர் ஏற்பாடு வெறும் மிரட்டிப் பணம் பறித்தல்தானே, அதைப் போய் உரிமை என்று உயர்த்துவதா என்று கேட்கலாம். பணம் தாமதமானால் மடாலயத்துக்குத் தொல்லை கொடுத்ததும் உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பறிப்பது மட்டுமே நோக்கமென்றால் அந்தப் பணத்துக்கு ஈடாகப் பொறுப்பு எழாது. கஃபீரின் துணையோடு வந்தவருக்குத் தீங்கு நேர்ந்தால் அது அந்தக் குலத்தின் மானத்துக்கு விழுந்த அடி. குலச் சட்டப்படி ஈடு கேட்க வழியுண்டு. ஒரு சுமை கிடைத்தால் சக குலத்தார் பங்கு கேட்டு வந்து நிற்பதும், ஒட்டகத்தில் ஏற்றுமுன் நெடுநேரம் வாய்ச்சண்டை நடப்பதும் 19ஆம் நூற்றாண்டுப் பயணக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஐரோப்பியர்கள் இதைப் பேராசை என்று எழுதினார்கள். எனக்கு இது வேலையைப் பகிரும் முறையாகவே படுகிறது. மழை பொய்த்தால் ஆடும் இல்லை, பேரீச்சையும் இல்லை என்ற நிலத்தில் வெளியார் கொண்டுவரும் கூலியை ஒரே குடும்பம் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். இன்றும் வழிகாட்டிகளுக்கும் ஒட்டகக்காரர்களுக்கும் முறை வைத்து வேலை கொடுப்பது அங்கே வழக்கம்.

உரிமை எவ்வாறு பரவியது? கஃபீரின் மதிப்பு, பாதை ஆபத்தானதாகவும் மடாலயம் ஒன்றே போக்கிடமாகவும் இருந்தவரைதான். அரசு வலுப்பட வலுப்பட அந்த நிலை தளர்ந்தது. 1850களில் எகிப்தை ஆண்ட முதலாம் அப்பாஸ் ஒட்டகம் ஏறும்படி மலையில் பாதை போடுவித்தார். 1868-69இல் பிரிட்டிஷ் நில அளவையாளர்கள் தீபகற்பத்தை வரைபடமாக்கினார்கள். 1967இல் இஸ்ரேல் சினாயைக் கைப்பற்றியபின் போடப்பட்ட தார்ச்சாலைகள் மடாலயத்தை ஒருநாள் பயணத் தூரத்துக்குக் கொண்டுவந்தன. 1982இல் சினாய் எகிப்திடம் திரும்பியபின் பேருந்தும் வந்தது. இனி யாத்திரிகரைக் கொண்டுசேர்க்கக் கஃபீர் தேவையில்லை. ஆனால் சாலை எட்டாத மலைக்குள் நடக்க விரும்பிய புதிய பயணிக்கு, ஊற்றும் கணவாயும் மதில் சூழ்ந்த பாதாம் தோட்டமும் எங்கே என்று தெரிந்தவர் வேண்டியிருந்தது. அந்த அறிவு அங்கேயே குடியிருந்த ஜபலிய்யாவிடமும் முஸெய்னாவிடமும் இருந்தது. மடாலயத்துடனான ஒப்பந்தத்தில் நின்ற உரிமை, இப்படித்தான் நிலத்தில் குடியிருப்பவரின் உரிமையாயிற்று.

இன்றைய பாதுகாப்பு காவல்துறையின் அனுமதியைச் சார்ந்திருக்கிறது, குலத்தின் சொல்லையல்ல என்பது வலுவான மறுப்பு. 2004இல் தாபா, 2005இல் ஷர்ம் அல்-ஷேக், 2006இல் தஹப் என அடுத்தடுத்து நடந்த குண்டுவெடிப்புகளையும், 2015 அக்டோபரில் ரஷ்ய விமானம் விழுந்து 224 பேர் இறந்ததையும் எந்தக் குலமும் தடுத்திருக்க முடியாது. இது உண்மை. பழைய ஏற்பாடும் போர்க்காலத்தில் தாங்கியதில்லை: சினாயை நன்கறிந்த அரபு மொழி அறிஞர் எட்வர்ட் பால்மர் 1882 ஆகஸ்டில், பிரிட்டன் எகிப்துமேல் படையெடுத்திருந்த வேளையில், பெதூயின் துணையோடு போயும் கொல்லப்பட்டார். ஆனால் குலத்தின் சொல் குண்டைத் தடுக்கும் என்பதல்ல இங்குள்ள வாதம். ஷர்ம் விடுதிகள் காலியாகக் கிடந்த அதே 2015இல் மூன்று குலங்கள் ஒரு வழியைப் பொதுவாக ஏற்றன. வெளிநாட்டார் யோசனையும் உதவியும் அதில் இருந்தன என்பதும் தெரிந்ததே. அந்த யோசனை ஒரே நிறுவனத்தின் தொழிலாகாமல், ஒவ்வொரு குலமும் தன் நிலத்தில் தானே நடத்தும் வழியாக உருப்பெற்றது ஏன் என்பதற்கு, வெளியிலிருந்து வந்த எதுவும் விளக்கமாகாது.

உரிமை இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது. 2019இல் ஹமாதா குலப் பெண்கள் சிலர் வழிகாட்டிகளானார்கள். தொடக்கத்தில் பெண் பயணிகளை மட்டுமே, தம் குல நிலத்துக்குள் மட்டுமே அழைத்துச் சென்றார்கள். குலத்தார் இசைவு பெற்றே இது நடந்தது. எல்லைக் கட்டுப்பாடு அவர்களுக்கும் அப்படியே பொருந்தியது. மறுபக்கம், புனித கத்தரீன் ஊரில் அரசு நடத்தும் பெரும் திட்டம் விடுதிகளையும் கட்டடங்களையும் எழுப்பி வருகிறது. அங்கே இதுவரை எழாத கேள்வி ஒன்று இதனால் எழுகிறது. சாலை வந்தபோது உரிமை மலைக்குள் ஒதுங்க இடமிருந்தது. ஜபலிய்யாவின் குடியிருப்பு நிலமே கட்டுமானத்துக்குப் போனால், குடியிருப்பை ஆதாரமாகக் கொண்ட உரிமை எதன்மேல் நிற்கும் என்பதற்குப் பழைய ஒப்பந்தங்களில் முன்னுதாரணம் இல்லை.