சென்னை வானொலியும் எட்டாத ஊர்களும்

1930 ஏப்ரல் 1 அன்று சென்னை கார்ப்பரேஷன் ஒரு வானொலி நிலையத்தை நடத்தத் தொடங்கியது. அதன் டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 200 வாட். இன்று சமையலறையில் ஓடும் மிக்சியே 500 வாட், 750 வாட் என்று இருக்கிறது! அந்தக் கருவியும் புதியதல்ல. 1924ல் கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய சென்னை மாகாண வானொலி சங்கம் 1927ல் பணமில்லாமல் மூடப்பட்டபோது விட்டுப்போனது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மக்களுக்குப் பாட்டுக் கேட்க வைத்தார்கள். நகரத்துக்கு அது போதும். ஆனால் சென்னை மாகாணம் நகரம் மட்டுமா? தெற்கே திருநெல்வேலி, மேற்கே மலபார், வடக்கே விசாகப்பட்டினம் வரை தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பெரும் பரப்பு அது.

ஏன் பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்கவில்லை என்று கேட்கலாம். பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927ல் நிலையம் திறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் கதையில் பதில் இருக்கிறது. அதன் டிரான்ஸ்மிட்டர்கள் தலா 1.5 கிலோவாட். நன்றாகக் கேட்டது சுமார் 30 மைல் தூரம்தான். கம்பெனிக்கு முக்கிய வருமானம் ரேடியோ வைத்திருப்பவர் ஆண்டுக்குக் கட்டும் 10 ரூபாய் லைசென்ஸ் பணத்தில் கிடைத்த பங்கு. 30 மைலுக்கு அப்பால் இருப்பவர் கேட்காத ரேடியோவுக்கு ஏன் பணம் கட்டுவார்? அவர் கட்டாததால் பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்கப் பணமில்லை. இந்தச் சுழலிலேயே கம்பெனி 1930ல் மூழ்கியது.

பிறகு அரசே பொறுப்பேற்றது. 1935ல் லயனல் ஃபீல்டன் தலைமைக்கு வந்தார். 1936ல் தலைமைப் பொறியாளராக வந்தவர் கோய்டர். இவர் சாதாரண ஆள் இல்லை. 1924ல், பள்ளி மாணவராக இருந்தபோதே, லண்டனிலிருந்து நியூசிலாந்துடன் சிற்றலையில் இருவழித் தொடர்பு கொண்டவர்!

அவர் எதிர்கொண்ட சிக்கல் இதுதான். மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே போகும். ஈர மண்ணில் தூரம் போகும், வறண்ட பாறை நிலத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடிமின்னல் அதிகமுள்ள நம் வெப்ப நாடுகளில் கரகர இரைச்சல் வேறு. மாகாணம் முழுவதையும் மத்திய அலையால் மூட வேண்டுமானால் பல நிலையங்கள் கட்ட வேண்டும். அதற்கான பணம் அரசிடம் இல்லை. சிற்றலையோ வானில் ஏறி, அயனி மண்டலத்தில் பட்டுத் தொலைவில் இறங்கும். இரைச்சலும் குறைவு.

அதனால் 1938 ஜூன் 16 அன்று திறக்கப்பட்ட அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்துக்கு இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். நகரத்துக்கு 250 வாட் மத்திய அலை, வெளியூர்களுக்கு 10 கிலோவாட் சிற்றலை. நாற்பது மடங்கு வித்தியாசத்தைப் பாருங்கள்.

கணக்கு சரிதான், ஆனால் கேட்பவர் பக்கம் சரியாகவில்லை. சிற்றலை ஒலி ஏறி இறங்கும். பகலுக்கு ஒரு அலைவரிசை, இரவுக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். சிற்றலை பிடிக்கும் செட் விலை அதிகம். மின்சாரம் இல்லாத கிராமத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சிக்னல் ஊருக்கு வந்துவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை.

அடுத்த ஆண்டே, 1939 மே 16 அன்று, திருச்சியில் 5 கிலோவாட் மத்திய அலை நிலையம் திறந்தார்கள். சாதாரண செட்டிலேயே சுற்றுவட்டாரத்தில் கேட்டது. உண்மையில் தமிழ் நாட்டுப்புறத்துக்கு வானொலியைக் கொண்டு சென்றது சிற்றலையை விட இந்தத் திருச்சிதான் என்று சொல்லலாம். விடுதலைக்குப் பின் 1948ல் விஜயவாடா, 1963ல் திருநெல்வேலி, 1966ல் கோவை என்று நிலையங்கள் பெருகின.

பண்பலை வந்தபோது கணக்கு மறுபடி மாறியது. அது கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும், எனவே சக்தியை விட உயரம் முக்கியம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலுள்ள கொடைக்கானலில் பண்பலை நிலையம் வைத்ததற்குக் காரணம் அதுதான். அந்த உயரத்திலிருந்து தொடுவானமே 150 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் இடையில் இன்னொரு மலை நின்றால், அதன் நிழலில் இருக்கும் ஊர் பக்கத்திலேயே இருந்தாலும் சரியாகக் கேட்காது.