மைக் செட்காரர்கள் விட்டுச்சென்ற பாடம்



பரணில் கிடக்கும் தாத்தா காலத்து வால்வு ரேடியோ, வால்வு ஆம்ப்ளிபயர் படங்களை உங்களில் சிலர் எனக்கு அனுப்புகிறீர்கள். கூடவே "சார், இது இன்னும் பாடுமா?" என்ற கேள்வியும் வருகிறது. பாடும். ஆனால் பிளக்கைச் செருகிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் வரலாற்றோடு சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு காலத்தில் நாடகக் கொட்டகையில் தொண்டைதான் ஒலிபெருக்கி. எஸ்.ஜி.கிட்டப்பா போன்றவர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள் என்றால், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அவர் 1933-இல் மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் காலம் மாறத் தொடங்கியது. 1936-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 6எல்6 என்ற வால்வை வெளியிட்டது. அதில் இரண்டு போட்ட ஆம்ப்ளிபயர் ஒரு கோயில் திருவிழாவுக்குத் தாங்கும். 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. நாகஸ்வரமும் செய்தியும் வீட்டுக்குள்ளேயே வந்தன.

வால்வு என்றால் என்ன? 1904-இல் இங்கிலாந்தில் பிளெமிங் முதல் வால்வைச் செய்தார். 1906-இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் அதற்குள் ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையைத் தூக்க ஒரு ஆள் கை போதும். ஆனால் பாய்கிற தண்ணீர் நூறு வேலி நிலத்துக்குப் போகும். அந்தக் கம்பி வலைதான் மதகுப் பலகை. மைக்கிலிருந்து வரும் சிறிய மின்சாரம் அதை அசைக்கிறது. வால்வுக்குள் ஓடும் பெரிய மின்சாரம் அதற்கேற்பக் கூடிக் குறைகிறது.

அன்று டெல்டா கிராமங்கள் பலவற்றில் கரண்டே கிடையாது. மாட்டு வண்டியில் பேட்டரியை ஏற்றிக்கொண்டு போவார்கள். பேட்டரியின் சில வோல்ட்டை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக உயர்த்த, வைப்ரேட்டர் என்ற சின்னப் பெட்டி வண்டு போல ரீங்காரமிட்டுக்கொண்டே இருக்கும். 1957-இல் மின்சார வாரியம் உருவானது. அதன் பிறகு கம்பங்கள் ஊர் ஊராக வந்தன. வால்வுக்கும் வெளிநாட்டையே நம்பியிருந்தோம். 1961-இல் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வு செய்யத் தொடங்கிய பிறகு அந்த நிலையும் மாறியது.

கரண்ட் வந்தபோது கூடவே ரிப்பேரும் வந்தது. கோடையில் பம்ப் செட்டுகள் ஓடினால் வோல்டேஜ் இறங்கும், வால்வு மங்கும், பாட்டு இழுக்கும். தரங்கம்பாடியில் இன்னொரு எதிரி உப்புக் காற்று. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் சுவரையே அரிக்கிற காற்று, வால்வின் மெல்லிய கால்களை விட்டுவைக்குமா? செட் கரகரத்தால், நம் மைக் செட்காரர்கள் முதலில் வால்வைக் கழற்றிக் காலைத் துடைத்து மாட்டுவார்கள். பாதி நோய் அதிலேயே தீரும்.

எழுபதுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, திருவிழாக்களில் அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்திய பிறகு சொல்கிறேன். அதைவிட ஒழுங்கான ஆய்வு முறையை நான் பார்த்ததில்லை.

செட் உறுமினால், ஊமையாகிவிட்டால், உடனே எதையும் மாற்ற மாட்டார்கள். முதல் வால்வைக் கழற்றுவார்கள். உறுமல் நின்றால் குற்றம் அந்த வால்வின் பக்கம், அல்லது அதற்கு முன்னால் உள்ள மைக்கிலும் ஒயரிலும். நிற்கவில்லையா, அடுத்த வால்வு. இப்படிப் படிப்படியாக இடத்தைச் சுருக்குவார்கள். கடைசி வால்வைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றியும் உறுமினால், பெரும்பாலும் மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கண்டன்சர் உலர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசி வால்வின் உள்தகடு செக்கச் சிவந்தால் உடனே அணைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அதற்கு முன்னால் உள்ள சின்னக் கண்டன்சர் கசிந்திருக்கும். மதகுப் பலகை மூடாமல் நின்று வெள்ளம் பாய்வது போலத்தான். புது வால்வு போட்டாலும் அதுவும் எரியும். நோய் ஓரிடம், வலி ஓரிடம் என்பதை அங்கேதான் கற்றேன்.

நெடுநாள் கிடந்த செட்டை அவர்கள் நேராகச் சுவிட்ச் போட்டதே இல்லை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் சேர்த்துத்தான் கரண்ட் கொடுப்பார்கள். சீரியஸ் லாம்ப் என்பார்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். செட் பிழைத்தது.

இனி நான் சொல்ல வந்தது. வால்வு ஆம்ப்ளிபயருக்குள் 300, 400 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தங்கியிருக்கும். சில பழைய ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மரே கிடையாது, அடித்தகட்டிலேயே மெயின் கரண்ட் இருக்கும். 1947-இல் கண்டுபிடித்த டிரான்சிஸ்டர் நம் ஊருக்கும் வந்து வால்வை ஒதுக்கிவிட்டதால், இந்த ஆபத்து தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். செல்போன் வீடியோ பார்த்து மூடியைத் திறப்பவர்கள் கூடிவிட்டார்கள். அதுதான் எனக்குப் பயம்.

ஆகவே மூன்று சொல்கிறேன். தாத்தாவின் செட்டை நேரடியாகச் செருகாதீர்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்ப்ளிபயரை ஓட விடாதீர்கள், உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும். தெரிந்தவர் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

தெரிந்தவர் யார்? உங்கள் ஊரில் எழுபது, எண்பது வயதில் பழைய மைக் செட்காரர் ஒருவர் இருப்பார். அவரிடம் செட்டை எடுத்துப் போங்கள். அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கேட்டு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் கற்றது பெரும்பாலும் காதாலும் கையாலும்தான், புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

உங்கள் ஊர் மைக் செட்காரர் பற்றி நினைவிருந்தால் கீழே எழுதுங்கள்.