அடித்த பீரங்கியும் வார்த்த பீரங்கியும்

உலோகப் பொருளொன்று இரு வழிகளில் உருப்பெறலாம். காய்ச்சிய உலோகத்தைச் சம்மட்டியால் அடித்து உருவாக்குதல் ஒன்று. உருக்கி அச்சில் வார்த்தல் மற்றையது. மோட்டார் சைக்கிள் எஞ்சினில் பிஸ்டனோடு இணையும் தண்டு பெரும்பாலும் அடித்துச் செய்யப்படுவதும், உருளை வார்க்கப்படுவதும் இவற்றின் தொடர்ச்சியே. இவ்விரண்டினுள் எது மேலானது என்ற வினாவுக்குப் பீரங்கியின் வரலாறு தரும் விடை எளிதானதன்று.

தஞ்சாவூர்க் கோட்டையின் கீழ்வாயிலருகே நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கியொன்று உள்ளது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மீற்றர். எடை 20 தொன்னுக்கும் மேல். நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழல்போல் அடுக்கி, அவற்றின்மீது காய்ச்சிய வளையங்களை ஏற்றி, அடித்திணைத்து அதனை ஆக்கினர். எடின்பரோக் கோட்டையிலுள்ள மொன்ஸ் மெக் பீரங்கியும் 1449இல் இத்தகைய முறையிலேயே செய்யப்பட்டது. ஆயின், 1543இல் இங்கிலாந்தின் பக்ஸ்ரெட் என்னும் ஊரில் இரும்புப் பீரங்கி ஒரே துண்டாக வார்க்கப்பட்டுவிட்டது. எனவே இந்தியக் கொல்லர் காலத்தாற் பின்தங்கியோர் என முடிவுகட்டுவது எளிது. அம்முடிபு பொருந்துவதன்று.

தூய இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். சிற்றுலைகளில் அது உருகாது. துளைகள் நிறைந்த கட்டியாகவே வெளிவரும். நீர்ச்சக்கரத்தால் இயங்கும் துருத்திகளைக் கொண்ட ஐரோப்பிய ஊதுலைகளிலோ இரும்பு நூற்றுக்கு நான்கு வீதமளவு காபனை ஏற்று, 1,150 பாகையளவிலேயே உருகியது. வார்ப்பைச் சாத்தியமாக்கிய அக்காபனே வார்ப்பிரும்பை நொறுங்குந் தன்மையுடையதாகவும் ஆக்கிற்று. அத்தகைய பீரங்கி முன்னறிகுறியின்றி வெடித்துச் சிதறித் தன் வீரரையே கொல்லவல்லது. மொன்ஸ் மெக் 1680இல் உடைந்தபோது வளையங்கள் சிலவே தெறித்தன. குழல் இன்றும் நிற்கின்றது.

அங்ஙனமாயின் ஐரோப்பியர் வார்ப்பிரும்பை ஏன் நாடினர்? கப்பல்களுக்கு நூற்றுக்கணக்கான பீரங்கிகள் தேவைப்பட்டன. வெண்கலமோ விலை மிக்கது. தஞ்சைக் கோட்டைக்கு அத்தகைய எண்ணிக்கை வேண்டியிருக்கவில்லை. வார்ப்புக்கலை அங்கு அறியப்படாததுமன்று. சோழர் செப்புத் திருமேனிகளே அதற்குச் சான்று. பீஜப்பூரிலுள்ள மாலிக்-இ-மைதான் 1549இல் வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. ஆகவே குறை கைத்திறனில் இல்லை. இரும்பைப் பெருமளவில் நீராக்கும் உலையே இருக்கவில்லை.

அடித்த இரும்பும் குற்றமற்றதன்று. 1844இல் அமெரிக்கக் கப்பலான பிரின்ஸ்ரனில் தேனிரும்புப் பீரங்கியொன்று வெடித்தது. இராசாங்கச் செயலாளர் அப்ஷர் உட்பட அறுவர் மாண்டனர். பெரும் பருமனுக்குள் மறைந்திருந்த இணைப்புக் குறைகளே காரணமெனக் கண்டனர். இருந்தும் 1850களில் ஆம்ஸ்ட்ரோங் தேனிரும்புக் கம்பிகளைச் சுருளாக்கி அடித்துப் பீரங்கி அமைத்தபோது பிரித்தானியப் படை அதனை ஏற்றது. கைவிடப்பட்ட வளையமுறை புத்துயிர் பெற்றது. தஞ்சையைப் பார்த்தன்று, தேவையாலேயே. ஜேர்மனியின் குருப் 1851இல் இலண்டன் கண்காட்சியில் வைத்த பீரங்கியோ உருக்கினாலானது. அவ்வுருக்கு முதலில் வார்க்கப்பட்டது, பின்னர் அடிக்கப்பட்டது.