வேண்டுதலின் பயன்

முற்றறிவுடைய இறைவனிடத்து உயிர் தன் குறையை எடுத்துரைத்தல் மிகையன்றோ என ஐயுறுவார் உளர். 12 ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அருளிய பெரியபுராணத்தை நோக்குவார்க்கு இவ்வையம் நீங்கும்.

ஆண்டு வேண்டுதல் மூவகையாகக் காணப்படும். குண்டையூரிற் பெற்ற நெல்மலையைத் திருவாரூர்க்குக் கொண்டு செல்ல ஆள் வேண்டித் திருக்கோளிலியிற் பாடினார் சுந்தரர். இது தம் இல்லத்தின் பொருட்டு வேண்டியது. திருக்கொடிமாடச்செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது திருநீலகண்டப் பதிகம் பாடித் தீர்த்தருளினார் திருஞானசம்பந்தர். இது பிறர் பொருட்டு வேண்டியது. திருக்கயிலையிற் பிறவாமையையும், பிறப்பு உளதாயின் இறைவனை மறவாமையையும் கேட்டார் காரைக்காலம்மையார்; இஃது அவனையே வேண்டியது.

இவற்றுள் முன்னைய இரண்டும் இழிந்தன எனக் கொள்ளற்க. நெல்லாயினும் வீடாயினும் மூவரும் பிறரை நாடாது இறைவன் ஒருவனையே நாடினர். அதனால் மூவரையும் சேக்கிழார் ஒருங்கே போற்றினார். வேண்டுதல் அவனுக்கு அறிவித்தற்கன்று. 'யான் செய்வேன்' என்னும் செருக்கு ஒழிந்து உயிர் தன் சார்பினை உணர்தற்கேயாம். 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதப் 10 ஆம் சூத்திரத்தில் உணர்த்திய இறைபணி நிற்றலுக்கு இவ்வுணர்வே முதற்படியாதல் அறிக. ஆகலின், தன் சிறு குறையையும் அவன் திருமுன் வைத்து இரக்கும் எளிய அடியான் நாணவேண்டுவதின்று.