2.03 மீற்றருக்குப் பிறகு

1958 மே 24ஆம் திகதி டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா தொடங்கியபோது, இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. மே 22இல் மூண்ட கலவரம் அடங்காமல் 27இல் அவசரகாலச் சட்டம் வந்தது. அந்த விழாவில்தான் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானில் பிறந்த 23 வயதுத் தமிழர் ஒருவர் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விழாவில் இலங்கையின் முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றார். அவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் எழுதியவர்கள் குறைவு.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பாயப் பழகியவர், பதினெட்டு வயது நிரம்புவதற்கு முன்பே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார். பிறகு கலிபோர்னியாவில் படிப்பு, 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக், 1962 ஜகார்த்தாவில் வெள்ளி. அதற்குப் பின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். சியரா லியோன், நைஜீரியா என்று ஆபிரிக்காவில் ஆசிரியப் பணி. அமெரிக்காவில் வீடு, குடும்பம். பதக்கக்காரர்களின் கதையை நாம் வழக்கமாக இந்த இடத்தில் முடித்துவிடுவோம். எனக்கு அவர் முக்கியமாவது இதற்குப் பிறகுதான்.

முதுமையில் அவர் வடக்குக்குத் திரும்பத் திரும்ப வந்தார். போர்நிறுத்தக் காலத்திலும் 2009இல் போர் முடிந்த பின்னும் கல்வி, விளையாட்டு என்று அலைந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாயச் சொல்லிக் கொடுத்தார்.

உயரம் பாய்தலைச் சொல்லிக் கொடுப்பது இலேசான வேலையல்ல. எதிர்வீரசிங்கத்தின் காலத்தில் பாய்ந்தவர் விழுந்தது மணற்குழியில். காலிலோ பக்கவாட்டிலோ விழுந்தால்தான் தப்பலாம். 1968இல் மெக்சிக்கோவில் டிக் பொஸ்பரி முதுகைக் காட்டிக் கம்பத்தைத் தாண்டித் தங்கம் வென்றதும் உலகம் அந்த முறைக்கு மாறியது. ஆனால் முதுகால் விழ மெத்தை வேண்டும். மணலில் அப்படி விழுந்தால் கழுத்து முறியும். மெத்தை இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பழைய முறையோடு நிற்க வேண்டியதுதான். வடக்கில் ஒரு தலைமுறை போருக்குள் வளர்ந்தது. பாயும் முறையைக் கையைப் பிடித்துக் காட்டவும் ஆட்கள் அருகிப் போனார்கள். 2010களில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் உருவான அனித்தா ஜெகதீஸ்வரன், அதே போல மெத்தை வேண்டிய கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை மீண்டும் மீண்டும் முறியடித்ததை இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

அதே வடக்கில் எங்கள் மன்னாருக்கு உயரம் பாய்தல் ஒட்டவில்லை. இங்கே உதைபந்துதான். பேசாலை, பள்ளிமுனை, வங்காலை என்று எந்தக் கடலோரக் கிராமத்துக்குப் போனாலும் ஆலயத்தோடு ஒரு மைதானமும் கழகமும் இருக்கும். பிள்ளைகளைப் பழக்குபவர் பெரும்பாலும் அதே கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர். விடிய மீனோடு கரை சேர்ந்து, மாலையில் ஊதுகுழலோடு மைதானத்துக்கு வருவார். சம்பளம் கிடையாது. பந்துக்கும் சப்பாத்துக்கும் வெளிநாட்டிலிருக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்பதும் அவர்தான்.

ஆடியவரே அடுத்த தலைமுறையைப் பழக்கும் அந்தச் சங்கிலியும் போரில் அறுந்தது. 1990இல் தலைமன்னார் ரயில் நின்றது. படகேறி இராமேஸ்வரம் போனவர்கள் பலர். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறிச்சோடின. ஊரே போன பிறகு எந்தக் கழகம் நிற்கும்? 2006 ஜூனில் பேசாலை வெற்றி அன்னை ஆலயத்தில் தஞ்சமிருந்த சனங்கள் மீதே தாக்குதல் நடந்தது. இதற்கெல்லாம் பிறகும் மன்னார்ப் பிள்ளைகள் பந்தோடுதான் வளர்கிறார்கள் என்றால், இடையில் யாரோ சிலர் மைதானத்தை விட்டுப் போகவில்லை.

எதிர்வீரசிங்கம் 2024 ஏப்ரலில் தமது 89ஆவது வயதில் காலமானார். அஞ்சலிகளில் டோக்கியோவும் 2.03 மீற்றரும்தான் முன்னுக்கு நின்றன. மன்னார்க் கழகங்களின் முதியவர்களுக்குச் சொல்ல அப்படியோர் உயரம் இல்லை. அவர்கள் பெயர்கள் கழகங்களின் கூட்டக் குறிப்பேடுகளில் இருக்கின்றன, இடம்பெயர்வில் தொலையாமல் தப்பிய குறிப்பேடுகளில். அவற்றைப் படியெடுத்து வைக்கும் வேலையை மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களே தொடங்கலாம்.