லிமோஜ் வென்ற கோப்பை

போன வாரம் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கிக் கிளறியபோது, பழுப்பேறிய பிரெஞ்சுப் பத்திரிகை நறுக்கு ஒன்று கிடைத்தது. 1993 ஏப்ரல் மாதத்தது. பாரீஸில் இருந்த மாமா மகன் தபாலில் அனுப்பியது. ஐரோப்பியக் கூடைப்பந்துக் கழகங்களுக்கான கோப்பையை லிமோஜ் அணி வென்ற செய்தி அது.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் புதுச்சேரி வழக்கில் சொன்னால் 'சொல்தா'. சிற்றலை வானொலியில் முதலில் செய்தியைக் கேட்டுவிட்டு, நான் அலுவலகம் கிளம்பும் நேரத்தில் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, நம்ம பிரான்ஸ் ஜெயிச்சிடுச்சு!"

பள்ளிக்கூடத்தில் செம்மண் தரையில் கூடைப்பந்து ஆடியவன் நான். ஆனாலும் அன்று அவரோடு சேர்ந்து மகிழவில்லை. "59–55 ஒரு ஸ்கோரா மாமா? இது ஆட்டமா, மல்யுத்தமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிப்போயிற்று. அந்தத் தர்க்கம் எங்களுக்குள் பல மாதம் ஓடியது.

லிமோஜ் பீங்கானுக்குப் பேர்போன ஊர். மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. 1993 வரை எந்தக் குழு விளையாட்டிலும் ஒரு பிரெஞ்சுக் கழகம் ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையை வென்றதில்லை. மார்செய் கால்பந்து அணி மியூனிக்கில் மிலானை வென்றதுகூட அதற்குப் பிறகுதான், அதே ஆண்டு மே 26-இல். பாரீஸும் மார்செயும் செய்யாததை இந்தச் சின்ன ஊர் முதலில் செய்தது.

எப்படி என்றால், எதிரணியை ஆடவிடாமல் செய்துதான். ஒரு தாக்குதலுக்கு 30 வினாடி என்பது அன்றைய விதி. லிமோஜ் ஆட்டக்காரர்கள் கிட்டத்தட்ட அத்தனை வினாடியும் பந்தைத் தங்களுக்குள்ளேயே சுற்றவிட்டு, கடைசியில்தான் எறிவார்கள். பந்து எதிரணிக்குப் போனால் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு மூச்சுவிட விடமாட்டார்கள். ஏதென்ஸை அடுத்த பிரேயஸில் நடந்த அரையிறுதியில், சபோனிஸ் என்ற மலையை வைத்திருந்த ரியல் மாட்ரிட் அணியை 52 புள்ளிகளோடு நிறுத்தி, 62 எடுத்து வென்றார்கள். ஏப்ரல் 15 அன்று இறுதியாட்டம். எதிரே இத்தாலியின் பெனட்டன் திரெவீசோ. அதில் டோனி குக்கோச். கடைசி நேரத்தில் குக்கோச்சின் கையிலிருந்து பந்தைப் பறித்தவர் பிரெடெரிக் போர்த் என்ற 23 வயதுப் பையன். கூடைப்பந்தையே கொன்றுவிட்டார்கள் என்று ஐரோப்பா முழுக்க விமர்சனம் எழுந்தது. நானும் அந்தக் கட்சிதான்.

2017 டிசம்பர் 31 அன்று அந்தப் போர்த் 47 வயதில் இறந்துபோனார். அப்போது அவர் அதே லிமோஜ் கழகத்தின் தலைவர். செய்தியைப் படித்த பிறகு அந்தப் பருவத்தின் கதையை முழுதாகத் தேடிப் படித்தேன். அப்போதுதான் நான் எதைக் கவனிக்காமல் விட்டேன் என்பது புரிந்தது.

முந்தைய ஆண்டு கோப்பையை வென்றது பெல்கிரேடின் பார்டிசான். 1992-93 பருவத்தில் அந்த அணியே இல்லை. யுகோஸ்லாவியாவில் போர், 1992 மே 30 அன்று ஐ.நா. விதித்த தடையில் விளையாட்டும் அடக்கம். ஆட்டத்தில் தோற்காமலே கோப்பையை இழந்தது அந்த அணி.

லிமோஜின் பயிற்றுநர் போசிதார் மால்கோவிச் ஒரு செர்பியர். குரோவேஷியக் கடற்கரை ஊரான ஸ்பிளிட்டில், பொடியன்களை வைத்துக்கொண்டு 1989-இலும் 1990-இலும் இதே கோப்பையை வென்றவர். அந்தப் பொடியன்களில் முதன்மையானவன் குக்கோச். 1990-இல் மால்கோவிச் பார்சிலோனாவுக்குப் போனார். 1991 பாரீஸ் இறுதியாட்டத்தில் தாம் வளர்த்த ஸ்பிளிட் பையன்களிடமே தோற்றார். இரண்டாண்டு கழித்துப் பிரேயஸில் அதே குக்கோச்சைக் கட்டிப்போட்டு வென்றார். குக்கோச்சின் பயிற்றுநர் பீட்டர் ஸ்கான்சியும் ஸ்பிளிட் ஊர்க்காரர்தான்.

லிமோஜில் ஆடிய யூரி ஸ்டோவ்ச் ஸ்லோவேனியர். 1990-இல் உலகக் கோப்பையை வென்ற யுகோஸ்லாவிய அணியில் குக்கோச்சும் அவரும் தோழர்கள். 1991 ஜூனில் ரோமில் ஐரோப்பியப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்லோவேனியா தனி நாடாயிற்று. அரசு உத்தரவு வந்தது. ஸ்டோவ்ச் அரையிறுதிக்கு முன்பே மூட்டை கட்டினார்.

ஆக, பிரான்சுக்கும் இத்தாலிக்கும் என்று ஏட்டில் பதிவான அந்த ஆட்டத்தில், இரண்டு பயிற்றுநர்களும் இரண்டு முக்கிய ஆட்டக்காரர்களும் ஒரே நாட்டில் பிறந்தவர்கள். அந்த நாடு அப்போது இல்லை. அவர்கள் பந்தாடிய அதே இரவில், ஊரில் அவர்களுடைய சனங்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு 1962 ஞாபகம் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. எந்தக் குடியுரிமை வேண்டும் என்று தீர்மானிக்க ஆறு மாத அவகாசம். மாமா பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா எதுவும் எழுதிக் கொடுக்காமல் இந்தியர் ஆனார். ஒரே வீட்டுத் திண்ணையில் இரண்டு நாடு. எங்களுக்கு அது வெறும் காகிதத்தோடு போயிற்று. தீபாவளிக்கு ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அந்த அதிர்ஷ்டம் ஸ்பிளிட்டுக்கும் பெல்கிரேடுக்கும் இல்லை.

மால்கோவிச்சின் ஆட்டம் அழகாக இல்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் கையில் உள்ளதை வைத்து, பெரிய இடத்துப் பிள்ளைகளை மடக்க வேறு வழி அவருக்கு இல்லை. ஸ்பிளிட்டில் திறமையான பையன்கள் கிடைத்தபோது அழகாகவும் ஆடவைத்த மனிதர்தானே அவர்! முப்பத்தைந்து ஆண்டு கோப்பு பார்த்த எழுத்தன் நான். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் குறிப்பு எழுதக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மாமாவிடம் இதைச் சொல்ல முடியவில்லை. 2004-லேயே போய்விட்டார். நறுக்கின் ஓரத்தில் நீல மையில் அவர் கையெழுத்தில் 59–55 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறது. அதை இப்போது அவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.